எழுத்தறியாதார்க்கும் எழுத்து: அரசுப் பணிகளில் படக்குறிகள்

அரசாங்கம் மக்களோடு பேசும் மொழி எது என்று கேட்டால், ஆணைகளும் சுற்றறிக்கைகளும் எழுதப்படும் மொழியே என்று நாம் விடை கூறுவோம். ஆனால், அம்மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவரும், படிக்கத் தெரிந்தும் நின்று படிக்க நேரமில்லாதவரும், பிழைப்புத் தேடி வேற்று மாநிலத்திலிருந்து வந்தவரும், கண்பார்வை மங்கிய முதியவரும் அதே அரசாங்கத்தின் குடிமக்கள்தாம். அவர்களோடும் பேசுவதற்காகப் பிறந்ததே படக்குறி. சாலையோரப் பலகை, வாக்குச் சீட்டு, பூச்சிமருந்துப் புட்டி, இரயில் நிலையத்தின் முகப்பு என்று அது இல்லாத இடம் இல்லை. கலை வரலாற்று நூல்கள் இதனைப் பெரிதாக மதிப்பதில்லை. மாடங்களில் தொங்கும் ஓவியம் ஒன்று பழுதானால் இழப்பு கண்ணுக்கு மட்டுமே. பொது இடத்துப் படக்குறி ஒன்று பொருள் விளங்காமற் போனால் என்ன நேரும் என்பதை ஈராக் நாடு தன் மக்களைப் பலிகொடுத்துக் கற்றது.

1971-ஆம் ஆண்டு அந்நாடு விதைக்கோதுமையும் வாற்கோதுமையுமாகத் தொண்ணூறாயிரம் டன்னுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. பூஞ்சணம் தாக்காதிருக்க அவ்விதைகளின்மேல் மெத்தில் பாதரசக் கலவை பூசப்பட்டிருந்தது. இவை உண்ணத் தகாதவை என்று காட்டச் செஞ்சாயம் ஏற்றியிருந்தார்கள். மூட்டைகளின்மேல் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள். மண்டையோடும் குறுக்கெலும்புகளும் வரைந்திருந்தார்கள். தம் கடமையைச் செய்துவிட்டதாகவே அனுப்பியவர்கள் எண்ணியிருப்பார்கள். விதை போய்ச் சேர்ந்தபோது பல ஊர்களில் விதைப்புப் பருவம் முடிந்துவிட்டது. அரபும் குர்தும் பேசும் உழவர் வீடுகளில் அந்த மூட்டைகள் அடுப்பங்கரைக்குச் சென்றன. சாயத்தைக் கழுவினால் போய்விட்டது. சாயம் போனால் நஞ்சும் போயிற்று என்று நம்பினார்கள். பாதரசமோ தானியத்திலேயே தங்கியிருந்தது. சிலர் முதலில் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தனர். சில நாள்வரை கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெத்தில் பாதரசத்தின் இயல்பு அது. வாரக்கணக்கில் பதுங்கியிருந்தே தாக்கும். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கு இறந்தோர் 459 பேர். மருத்துவமனைக்கே வராமல் மடிந்தவர்கள் இக்கணக்கில் அடங்கார்.

மூட்டையின்மேல் படம் இருந்ததே, அது ஏன் காப்பாற்றவில்லை? மண்டையோடு என்றால் நஞ்சு என்பது இயற்கை விதித்த பொருள் அன்று. ஐரோப்பிய மருந்துக்கடைகளின் வழக்கம். நம்மூர்க் குழந்தைகூட அதனை அறிந்திருப்பதற்குக் காரணம், தெருமுனை மின்மாற்றியில் தொங்கும் ‘அபாயம்’ பலகையை நாள்தோறும் பார்ப்பதுதான். அந்தப் பலகையைப் பாராத ஊரில் மண்டையோடு என்பது மண்டையோடு மட்டுமே. அதே உருவம் நம் கோயிற் சிற்பத்தில் காளியின் கழுத்து மாலையில் இருந்தால் நாம் கைகூப்புகிறோம்; அஞ்சி ஓடுவதில்லை. படம் எல்லார்க்கும் தானே விளங்கும் என்று சொல்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். படமும் ஒரு மொழியே. அதற்கும் எழுத்தறிவு உண்டு, எழுத்தறியாமையும் உண்டு.

படத்தால் பேசும் வழக்கம் தமிழர்க்குப் புதியது அன்று. மீனும் புலியும் வில்லும் பறந்த கொடிகளைப் பார்த்து, ஏடு தொட்டறியாத வீரனும் தன் வேந்தன் நிற்குமிடம் அறிந்தான். செப்பேட்டின் வாசகத்தை ஊரில் ஒருவர் இருவர் படித்திருக்கலாம். அதன் வளையத்து முத்திரையை ஊரே அறிந்திருக்கும். ஆனால் அவை அரசனின் பெருமையை அறிவித்த குறிகள். குடிமகனுக்கு வழி சொல்லவும், கணக்குச் சொல்லவும், எச்சரிக்கவும் அரசே படக்குறிகளை வகுக்க வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டினது.

அவ்வெண்ணத்திற்கு முறையான வடிவம் தந்தவர் ஆஸ்திரிய அறிஞர் ஆட்டோ நொய்ராத். 1925-இல் வியன்னா நகராட்சியின் ஆதரவோடு சமூகப் பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றை அவர் நிறுவினார். வீட்டுவசதி, குழந்தை இறப்பு, வேலையின்மை முதலியவற்றின் புள்ளிவிவரங்களைத் தொழிலாளர் குடும்பங்கள் பார்த்தவுடன் உணரவேண்டும் என்பது அவர் நோக்கம். தொகை மிகுந்தால் உருவத்தைப் பெரிதாக வரையக் கூடாது, அதே உருவத்தை மீண்டும் மீண்டும் அடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. பெரிய உருவம் எத்தனை மடங்கு பெரியது என்று கண் சரியாக அளக்காது. ஆனால் ஐந்து உருவங்களை யாரும் எண்ணிவிடலாம். கெர்டு ஆர்ன்ட்ஸ் என்னும் ஓவியர் அவருக்காக ஆயிரக்கணக்கான குறிகளைச் செதுக்கித் தந்தார். இம்முறையே பின்னர் ‘ஐசோடைப்’ என்று பெயர் பெற்றது.

இங்கே ஒரு செய்தியை விரைந்து கடந்துவிடக் கூடாது. நொய்ராத் 1945-இல் மறைந்தபின் அவர் மனைவி மேரி நொய்ராத் அப்பணியைத் தொடர்ந்தார். 1950-களில் நைஜீரியாவின் மேற்கு மாநில அரசுக்காகக் கல்வி, உடல்நலம், வேளாண்மை பற்றிய விளக்கப் புத்தகங்களைத் தயாரிக்க அவர் ஆப்பிரிக்கா சென்றார். வியன்னாவில் வரைந்த ‘எல்லார்க்கும் பொதுவான மனிதன்’ அங்கே பொதுவானவனாக இல்லை; அவன் தொப்பியும் காற்சட்டையும் அணிந்த ஐரோப்பியன். வீடும் அப்படியே, கருவிகளும் அப்படியே. மேரி நொய்ராத் அந்நாட்டு உடையையும் வீட்டையும் பயிரையும் பார்த்துக் குறிகளை மாற்றி வரைந்தார். உலகப் பொதுமொழி என்று தொடங்கிய ஒன்று ஊர்மொழிக்கு இறங்கி வந்தது. இதனைத் தோல்வி என்று சிலர் கூறுவர். அம்முறை முதிர்ந்தது அங்கேதான் என்பது என் கருத்து.

நம் நாட்டிற்கு வருவோம். 1951-52-இல் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றபோது வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவே. படித்தவர்க்கு மட்டும் வாக்குரிமை என்று சொல்லியிருந்தால் வேலை எளிது. அவ்வாறு சொல்ல மறுத்த அரசியலமைப்பு, படம் வரைபவனின் தோளில் ஒரு பெருஞ்சுமையை ஏற்றியது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டியின்மேல் சின்னம் ஒட்டப்பட்டது. வாக்காளர் எதையும் எழுத வேண்டியதில்லை, முத்திரையிட வேண்டியதும் இல்லை; தமக்கு வேண்டிய சின்னமுள்ள பெட்டியில் சீட்டை இட்டால் போதும். 1957-க்குப் பின் இம்முறை கைவிடப்பட்டு, 1962 பொதுத்தேர்தலில் எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில் ஏறின.

எந்தப் பொருள்களைச் சின்னமாக ஏற்பது என்பதில்தான் உண்மையான சிந்தனை தெரிகிறது. நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, மரம், குடிசை, விளக்கு, கதிரும் அரிவாளும் என அமைந்தன அவை. எல்லாம் எந்தக் கிராமத்துப் பெண்ணும் நாள்தோறும் பார்ப்பவை. அதே வேளையில் பசு, கோயில், தேசியக் கொடி, இராட்டை போன்றவை விலக்கப்பட்டன. அவையும் கிராமத்துப் பெண் நாள்தோறும் பார்ப்பவையே. ஆயினும் அவற்றைக் கண்டால் கை தானாகக் குவியும். அல்லது வேறொரு சமயத்தார் தாம் விலக்கப்பட்டதாக உணர்வர். பழகிய பொருளாகவும் இருக்கவேண்டும், பக்தியைக் கிளறாத பொருளாகவும் இருக்கவேண்டும். இவ்விரண்டு நிபந்தனைகளுக்கும் நடுவே இருந்த குறுகிய சந்தில்தான் இந்தியச் சின்னங்கள் பிறந்தன.

தேர்தல் ஆணையத்தில் எம். எஸ். சேத்தி என்னும் வரைவாளர் இருந்தார். 1992-இல் ஓய்வு பெற்றார். இன்று நாம் காணும் சின்னங்களில் பல அவர் பென்சிலால் வரைந்தவை. சீப்பு, மேசை விளக்கு, தையல் எந்திரம் என்று வீட்டுப் பொருள்களையெல்லாம் கோட்டோவியமாக்கினார். கறுப்பு வெள்ளையில், கட்டைவிரல் அளவில், மலிவான தாளில் அச்சேறினாலும் மேசை விளக்கு நாற்காலிபோலத் தோன்றக் கூடாது. ஓவியக் கல்லூரியில் பரிசு பெற்றவர்களுக்கும் இது எளிதில் கைவராது. பின்னாளில் பிரஷர் குக்கர், எரிவாயு உருளை, மடிக்கணினி, கண்காணிப்புக் காமிரா என்று பட்டியல் வளர்ந்தது. சுயேச்சைகளுக்குரிய சின்னப் பட்டியலைப் பத்தாண்டுக்கு ஒன்றாக எடுத்து அடுக்கினால், இந்திய வீட்டின் வரலாற்றையே எழுதிவிடலாம். பொருளியல் துறை நண்பர் எவரேனும் அம்முயற்சியில் இறங்குவாராக!

உச்சநீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2013-இல் வந்த ‘மேற்கண்ட எவரும் இல்லை’ என்னும் வாய்ப்பிற்கும் 2015-இல் ஒரு படம் தேவைப்பட்டது. இல்லை என்பதை எப்படி வரைவது? அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், வாக்குச் சீட்டின்மேல் கறுப்புப் பெருக்கற்குறி இட்டதுபோல் ஒரு குறியை வரைந்து தந்தது. வேட்பாளரின் புகைப்படமும் அதே ஆண்டு முதல் இடம்பெற்றது. வாக்குப்பதிவு எந்திரத்தில் பார்வையற்றோர் தடவியறியும் பிரெயில் எண்களும் உள்ளன. படம் காணாதவர்க்கு விரல்நுனியே கண் என்பதையும் ஆணையம் மறக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு மெக்சிகோ நகரத்தினுடையது. 1969 செப்டம்பர் 4-இல் அந்நகரின் சுரங்க இரயில் ஓடத் தொடங்கியது. அக்காலத்தில் கிராமங்களிலிருந்து திரள் திரளாக வந்து குடியேறியவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர். நிலையப் பெயரைப் படிக்க இயலாதவர் எங்கே இறங்குவது என்று எப்படி அறிவார்? லான்ஸ் வைமன் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், 1968-இல் அங்கு நடந்த ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குக் குறிகள் வரைந்தவர். அவரிடம் இப்பணி வந்தது. ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு படம் என்று அவர் வகுத்தார். எண் கொடுத்திருக்கலாம், நிறம் கொடுத்திருக்கலாம். அவர் அந்த இடத்தின் கதையைக் கேட்டார்.

சபுல்தெபெக் நிலையத்தின் குறி ஒரு வெட்டுக்கிளி. ஏனெனில் நவாத்தல் மொழியில் அப்பெயருக்கு வெட்டுக்கிளிக் குன்று என்று பொருள். ஸ்பானியர் வருமுன் அஸ்தெக்குகளும் தம் ஏடுகளில் அவ்வூரைக் குன்றின்மேல் அமர்ந்த வெட்டுக்கிளியாகவே வரைந்தனர். ஊர்ப்பெயரைப் படமாக எழுதுவது அம்மண்ணின் பழைய எழுத்துமுறை. வைமன் நாற்றிசையும் தேடிப் புதுமை கொண்டுவந்தார் என்பதைவிட, நானூறு ஆண்டுகளாக உறங்கியிருந்த ஒன்றை எழுப்பினார் என்பதே பொருந்தும். மெர்சேத் சந்தைக்கு அருகிலுள்ள நிலையத்திற்குப் பழப்பெட்டி. கொயொவகானுக்கு அப்பெயர் சுட்டும் கயோட்டி என்னும் ஓநாயினம். பினோ சுவாரெஸ் நிலையத்தைத் தோண்டும்போது மண்ணுக்கடியில் அஸ்தெக் வழிபாட்டு மேடை ஒன்று வெளிப்பட்டது. அதனை இடிக்காமல் நிலையத்தின் நடுவிலேயே நிறுத்தி, அதன் உருவத்தையே குறியாக்கினர். தலிஸ்மான் நிலையத்தின் குறி மாமத யானை. அந்த வழித்தடத்தின் கட்டுமானப் பணியில் மாமதத்தின் எலும்புகள் கிடைத்தன. வைமன் முதல் மூன்று வழித்தடங்களோடு விடைபெற்றார். பின்வந்தவற்றை மெக்சிகோ ஓவியர்கள் அதே நெறியில் வரைந்தனர்.

எழுத்தறிவு பெருகிய இன்றும் அப்படங்கள் நீக்கப்படவில்லை. எழுத்தறியாதார்க்கென்று தனியாக ஒரு தாழ்ந்த பலகை வைத்திருந்தால், அதனைப் பார்ப்பதற்கே மக்கள் கூசியிருப்பர். இங்கு பேராசிரியரும் கூலித் தொழிலாளியும் ஒரே வெட்டுக்கிளியைப் பார்த்து இறங்கினர். எல்லாரையும் உட்கொள்ளுதல் என்று இன்று வடிவமைப்பாளர்கள் பேசுவதன் சாரம் இதுவே என்று நினைக்கிறேன்.

அதே நகரத்தின் மற்றொரு நினைவையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒலிம்பிக் விழாவுக்குப் பத்து நாள் முன்னர், 1968 அக்டோபர் 2-இல், த்லதெலோல்கோ சதுக்கத்தில் திரண்டிருந்த மாணவர்களை அரசுப்படை சுட்டுக்கொன்றது. ஒலிம்பிக்கிற்காக நகரெங்கும் ஒட்டப்பட்டிருந்த சமாதானப் புறாவின் நெஞ்சில் மாணவர்கள் செஞ்சாயம் பூசினர். அரசு கற்றுக்கொடுத்த படமொழியிலேயே அரசுக்கு விடை வந்தது.

இனி, படத்தில் யார் இருக்கிறார்கள் என்னும் கேள்வி. பிரிட்டனின் சாலைக் குறிகளை ஜாக் கின்னெயரும் மார்கரெட் கால்வெர்ட்டும் புதிதாக வகுத்தனர். 1965-இல் அவை நடைமுறைக்கு வந்தன. பள்ளிப் பிள்ளைகள் சாலை கடக்குமிடத்தைக் காட்டும் பழைய குறியில் தொப்பியணிந்த பையன் ஒருவன் சிறுமியை அழைத்துச் செல்வான். வசதியுள்ளோர் பள்ளியின் விளம்பரம்போல் கால்வெர்ட்டுக்கு அது தோன்றியது. அவர் தொப்பியை எடுத்தார். பெரிய சிறுமி ஒருத்தி சிறு பையனின் கைபிடித்து முன்னே செல்வதாக மாற்றினார். அச்சிறுமிக்கு மாதிரி அவருடைய இளவயதுப் புகைப்படம். ஒரு சொல்லும் எழுதாமல், வழிநடத்துபவர் பெண்ணாகவும் இருக்கலாம் என்று நாடு முழுவதும் இரும்புத் தகட்டில் அறிவித்துவிட்டார்! சக்கர நாற்காலிக் குறியின் கதையும் இத்தகையதே. 1968-இல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபூத் என்னும் மாணவி அதனை வரைந்தபோது அதில் நாற்காலி மட்டுமே இருந்தது, தலை இல்லை. கார்ல் மோன்டான் என்பவர் மேலே ஒரு வட்டத்தைச் சேர்த்தார். நாற்காலி மனிதரானது. ஒரு வட்டம், அவ்வளவுதான்.

நம் வீட்டருகே உள்ளவற்றையும் பார்ப்போம். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி மருந்துப் புட்டிகளில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை இறங்குமுகமாகக் காட்டப்படுகிறது. மண்டையோடு சிவப்பில் மட்டுமே உண்டு. நூலறிவுக்கு இது சீரான ஏற்பாடு. வரப்பில் நிற்கும் உழவருக்கோ பச்சை என்பது பயிரின் நிறம், நன்மையின் நிறம். பச்சைக் குறியிட்ட மருந்தும் நஞ்சே என்று அந்த நிறம் அவருக்கு எவ்வாறு சொல்லும்? இதனை விதி வகுத்தவர்கள் உழவர் நூறு பேரிடம் காட்டிக் கேட்டிருந்தால் வேறு நிறம் கிடைத்திருக்கக் கூடும். மாறாக, உணவுப் பொட்டலங்களின்மேல் உள்ள குறி திருத்தம் பெற்றது. சைவத்திற்குப் பச்சை வட்டம், அசைவத்திற்குப் பழுப்பு வட்டம் என்றிருந்தது முந்தைய முறை. பச்சையையும் பழுப்பையும் பிரித்தறிய இயலாத நிறக்குருடர்க்கு இரண்டும் ஒன்றே. 2020-ஆம் ஆண்டு விதிகள் அசைவக் குறியை முக்கோணமாக்கின. நிறம் கைவிட்டவரை வடிவம் தாங்கிக்கொள்கிறது.

அண்மையில் ஓர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்-ரே அறையின் வாசலில் காத்திருந்தேன். கதவில் மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ்க் குறி பளிச்சென்று இருந்தது. அதன் அடியில் இருந்த பெஞ்சில் சாய்ந்தபடி, கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாய் பக்கத்திலிருந்த அம்மாளிடம், “உள்ளே ஃபேன் இருக்குது போலிருக்கு அக்கா, படம் போட்டிருக்காங்க” என்றார். சிரிப்பதற்கில்லை. அக்குறி 1946-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆய்வாளர் சிலர் தமக்குள் வகுத்துக்கொண்டது. கதிரியக்கம் என்பதைப் பாடத்தில் படித்தவர்க்கே அது விளங்கும், விளங்காதவர்க்குக் காற்றாடிதான்.

1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனை ஒன்றிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியின் பாகத்தை எடுத்துச் சென்ற இருவர் அதனைப் பிரித்தனர். பழைய இரும்புக் கடைக்குப் போன அதனுள் இருந்த சீசியம்-137 இருளில் நீலமாக ஒளிர்ந்தது. அழகென்று வீடு வீடாகப் பகிர்ந்துகொண்டனர். நால்வர் இறந்தனர், அவர்களுள் ஒரு சிறுமியும் உண்டு. 2010-இல் டில்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையிலும் இது நிகழ்ந்தது. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஏலத்தில் விட்ட கருவியைப் பிரித்தபோது கோபால்ட்-60 வெளிப்பட்டு ஒருவர் உயிரிழந்தார்.

பன்னாட்டு அணுசக்தி முகமை புதிய குறி ஒன்றை வகுக்க முற்பட்டபோது, அறையில் அமர்ந்து முடிவு செய்யவில்லை. இந்தியா, பிரேசில், கென்யா, சீனா முதலிய 11 நாடுகளில் 1,650 பேரிடம் படங்களைக் காட்டி, “இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?” என்று கேட்டது. வயதானவரும் சிறுவரும், படித்தவரும் படியாதவரும் அவர்களுள் இருந்தனர். 2007-இல் வெளியான அக்குறி சிவப்பு முக்கோணம். மேலே பழைய மூவிதழ், அதிலிருந்து பாயும் அலைகள், கீழே ஒருபுறம் மண்டையோடு, மறுபுறம் விலகி ஓடும் மனிதன், அவன் திசையைக் காட்டும் அம்பு. மூவிதழை அறியாதவர் மண்டையோட்டை அறிவார். மண்டையோட்டையும் அறியாதவர் ஓடும் மனிதனையாவது அறிவார். ஈராக் மூட்டையில் இல்லாமற் போனது இந்த மூன்றாவது துணையே.

அக்குறியை அறைக் கதவில் மாட்டக் கூடாது, சாலையில் நிறுத்தக் கூடாது என்பது முகமையின் அறிவுரை. கதிரியக்கப் பொருள் அடங்கிய கருவியின் உட்கூட்டின்மேல்தான் அதனைப் பதிக்க வேண்டும். கருவி ஒழுங்காக இயங்கும்வரை மருத்துவரோ நோயாளியோ அதனைக் காணப்போவதில்லை. மேல்மூடியைக் கழற்றிவிட்டு அடுத்த திருகாணியில் சாவியை வைக்கும் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் மட்டுமே அதனைக் காண்பார்.